எழுத்துப் பலகை சொல்லாதது: சிகிச்சையின் பலனும் நோயாளியின் கூற்றும்

கண்புரை அறுவை முடிந்து சங்கரன்கோவில் பக்கத்துப் பனவடலிசத்திரத்துக்குத் திரும்பும் ஒருவரின் மருத்துவ அட்டையில் 6/9, 6/18 என்று ஓர் எண் இருக்கும். ஆறு மீட்டர் தூரத்துப் பலகையில் எந்த வரிவரை படித்தார் என்பதற்கு அது சான்று. சங்கரன்கோவில் பஸ் நெருங்குமுன் அதன் பெயர்ப்பலகை தெரிகிறதா, அந்தியில் வரப்பில் தடுமாறாமல் நடக்க முடிகிறதா, பீடி சுற்றும் கைக்கு இலையின் ஓரம் பிடிபடுகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. அவரைத்தான் கேட்க வேண்டும்.

அப்படி முறையாகக் கேட்டு, பதிலை அளந்து பதிவதே நோயாளி கூறும் விளைவு அளவீடு. இதை மேலை நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோர் மதுரையை மறந்துவிடுகிறார்கள்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1990களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இரு கண்ணிலும் பார்வை இழந்த 3,400 பேரில் ஒரு பிரிவினருக்குப் புரையை அகற்றித் தடித்த கண்ணாடி தரப்பட்டது. மறு பிரிவினருக்கு உள்விழி லென்ஸ் பொருத்தப்பட்டது. முடிவை எடைபோடப் பலகை மட்டும் போதாது என்று கருதிய ஆய்வாளர்கள், பார்வைச் செயல்பாட்டுக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் தனித்தனி வினாத்தொகுப்புகளை உருவாக்கினர். அவை 1997இல் வெளியாயின. தெருவின் எதிர்ப்பக்கம் நிற்பவரை அடையாளம் தெரிகிறதா, தானே குளித்து உடுத்த முடிகிறதா, விசேஷ வீடுகளுக்குப் போக முடிகிறதா, பிறருக்குப் பாரமாகிவிட்டோம் என்று மனம் குமைகிறதா? எழுதப் படிக்கத் தெரியாதவரும் பதில் சொல்லும்படி இவை வாய்மொழியாகவே கேட்கப்பட்டன.

இரு பிரிவினரின் வாழ்வும் மேம்பட்டது. லென்ஸ் பெற்றவர்கள் கூடுதல் பலன் கூறினர். காரணம் விளங்கக்கூடியதே. சோடாபுட்டிக் கண்ணாடி உருவத்தைக் கால் பங்குக்கு மேல் பெரிதாக்கும். பக்கவாட்டில் வருவதை மறைக்கும். பலகைக்கு நேரே உட்கார்ந்து எழுத்துப் படிப்பவருக்கு இந்தத் தொல்லை தெரியாது. வாசற்படி இறங்கும்போதும் சாலையைக் கடக்கும்போதும்தான் தெரியும். 1992இல் மதுரையில் தொடங்கப்பட்ட ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம் உள்விழி லென்ஸின் விலையைக் குறைத்தது. அந்த லென்ஸ் ஏழைக்கும் தேவை என்பதற்கு நோயாளிகளின் வாய்மொழியும் சான்றாயிற்று. 2005இல் 33 கேள்விகள் கொண்ட இந்தியப் பார்வைச் செயல்பாட்டு வினாத்தொகுப்பும் வந்துவிட்டது.

ஆக, கருவி நம்மிடம் இருக்கிறது. அது ஆய்வோடு நின்றுவிடாமல் அன்றாடச் சிகிச்சைக்குள் வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கிலாந்தில் 2009 முதல் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளிகளிடம் கேட்கிறார்கள். மருத்துவமனைகளை ஒப்பிட அது உதவுகிறது. பதில் சொன்னவரின் வலிக்கு உடனே மருந்து கிடைக்க அது வழி செய்வதில்லை. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 766 புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வோ வேறு வகை. தொந்தரவு கூடியதாக நோயாளி பதிந்தால் செவிலியருக்கு உடனே தகவல் போனது. அப்படிப் பதிந்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 26 மாதம் என 2017இல் முடிவு வெளியானது. கேட்டதும் கவனித்ததும் சேர்ந்ததால் கிடைத்த பலன் இது.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. இலவச அறுவை செய்த மருத்துவரின் முகத்துக்கு நேரே, “நல்லா இருக்கு ஐயா” என்பதைத் தவிர வேறு சொல்ல முதியவர்களுக்கு மனம் வராது. எனவே கேட்பவர் சிகிச்சை செய்தவராக இருக்கக் கூடாது. கேட்கும் இடமும் மருத்துவமனையாக இல்லாமல் வீடாக இருப்பது நல்லது.

அதற்கான ஆட்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களுடைய பதிவில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்காக நான்கைந்து கேள்விகளைச் சேர்க்கலாம். பதில் மோசமானால் அந்த வாரமே மருத்துவருக்குத் தகவல் போகும் ஏற்பாடும் கூடவே வேண்டும். அது இல்லாமல் கேள்விகளைச் சேர்த்தால் தன்னார்வலருக்கு வேலை கூடுமே ஒழிய நோயாளிக்குப் பயன் இராது. மக்கள் நல்வாழ்வுத் துறை இதைச் சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே தொடங்கிப் பார்க்க வேண்டும்.