பக்கவாதம்: டிஸ்சார்ஜ் ஆன பிறகு என்ன செய்யணும்? திருச்சியில் பிசியோதெரபி பெறுவது எப்படி?

"கை, கால் இழுத்துக்கிச்சு" என்று மருத்துவமனைக்கு ஓடும் குடும்பங்கள், உயிருக்கு ஆபத்து இல்லை என்றதும் நிம்மதி அடைகின்றன. சில நாட்களில் டிஸ்சார்ஜ். மாத்திரைகளைத் தவறாமல் வாங்குகிறார்கள். ஆனால், அதே சீட்டில் 'பிசியோதெரபி' என்று எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. நோயாளி மறுபடியும் தானாக எழுந்து பாத்ரூம் போவதும், தன் கையால் சாப்பிடுவதும் பெருமளவு அதைப் பொறுத்தே இருக்கிறது.

எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடுமா?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலோ, வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. மூளையின் இடது பக்கம் பாதித்தால் வலது கை, கால் செயலிழக்கும். பலருக்குப் பேச்சும் பாதிக்கும். அதாவது, கோளாறு கையில் இல்லை, கைக்குக் கட்டளை போடும் மூளையில் இருக்கிறது. அதனால் எண்ணெய் தேய்த்துவிடுவது மட்டும் போதாது. நோயாளியே ஒரு அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான், மூளையின் மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. இதுதான் பிசியோதெரபியின் அடிப்படை.

எப்போது தொடங்கணும்?

உடல்நிலை சீரானதும், பெரும்பாலும் ஓரிரு நாட்களிலேயே மருத்துவர் சொன்னபடி தொடங்கலாம். அவசரப்படவும் கூடாது. 5 நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த 'அவெர்ட்' ஆய்வு 2015-ல் வெளியானது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அதிகமாக எழுப்பி நடக்கவைத்தவர்களுக்குப் பலன் குறைவாகவே இருந்தது.

முதல் 3 மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். 6 மாதத்துக்குப் பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது. "இனிமே ஒண்ணும் ஆகாது" என்று விட்டுவிடக் கூடாது.

என்னென்ன பயிற்சிகள்?

* படுக்கையில்: 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், மூட்டுகள் இறுகாமல் அசைத்தல்.
* உட்காருதல், நிற்றல்: நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவதே முக்கியமான பயிற்சி.
* நடை: முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு வாக்கர், பிறகு ஊன்றுகோல்.
* கை: டம்ளர் எடுப்பது, சட்டை பட்டன் போடுவது போன்ற அன்றாட வேலைகள்.
* கண்ணாடிப் பயிற்சி: நல்ல கை அசைவதைக் கண்ணாடியில் பார்க்கும்போது, செயலிழந்த கை அசைவதாக மூளை உணரும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் வலிக்காகக் கொண்டுவந்த முறை இது. 1999-ல் பக்கவாத நோயாளிகளிடமும் சோதிக்கப்பட்டது.

வீட்டில் நடக்கும் தவறுகள் என்ன?

செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதுதான் பெரிய தவறு. தோள்மூட்டு விலகி, மாதக்கணக்கில் வலி நிற்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் கூடாது. இடுப்பைத் தாங்கித்தான் எழுப்ப வேண்டும். பாவம் என்று எல்லா வேலையையும் நாமே செய்துவிட்டால், நோயாளிக்குப் பயிற்சியே இல்லாமல் போகும்.

அடுத்தது, கீழே விழுவது. ஸ்ரீரங்கத்தின் பழைய வீடுகளில் உயரமான வாசல்படி, திண்ணை, தரையோடு இருக்கும் கழிவறை எல்லாமே சிரமம் தரும். கழிவறைக்கு நாற்காலி, சுவரில் கைப்பிடி, படியோரம் பிடிமானம் வைத்தாலே பாதி பயம் போய்விடும். நடைப் பயிற்சிக்கு உத்திர வீதி, சித்திரை வீதி போன்ற சமதளமான தெருக்களில் கூட்டம் இல்லாத அதிகாலை நல்லது. உற்சவ நாட்களில் தவிர்க்கலாம். அம்மா மண்டபம் படித்துறையில் இறங்குவதைச் சமநிலை திரும்பும் வரை தள்ளிப்போடுங்கள்.

குடும்பத்தினரே பயிற்சி கொடுத்தால் போதாதா?

இதே கேள்வியோடு இந்தியாவில் 14 மருத்துவமனைகளில், 1,250 பேரிடம் 'அட்டெண்ட்' ஆய்வு நடந்தது. உறவினர்களுக்குப் பயிற்சி தந்து வீட்டிலேயே செய்யவைத்தார்கள். ஆனால், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்று 2017-ல் முடிவு வந்தது. குடும்பத்தின் துணை கட்டாயம் வேணும். ஆனால், எதை, எத்தனை முறை, எப்போது மாற்றணும் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

திருச்சியில் எங்கே போவது?

* புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவை அணுகலாம்.
* நடக்க முடியாதவர்களுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாக பிசியோதெரபி தரப்படுகிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட திட்டம் இது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில், டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பதிவு செய்யுங்கள்.
* சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

எப்போது உடனே நிறுத்தணும்?

பயிற்சியின்போது நெஞ்சுவலி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் வந்தாலும் அப்படித்தான்.

ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடியும் வரலாம். வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பிரஷர், சுகர் மாத்திரைகளை நடக்க ஆரம்பித்த பிறகும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.