பவளக்கொடி மாலையும் மடுல்சீமைத் தோட்டங்களும்

மலையகத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் எழுதியோரிடமிருந்தே தொடங்குகின்றனர். கோ. நடேசையர், சி. வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப் என அவ்வரலாறு விரிகின்றது. ஆயின் எழுதியோர் தோன்றுமுன்னரே, வாசித்தோரும் வாசிக்கக் கேட்டோரும் தோட்டங்களில் இருந்தனர். அவர்களது சுவையுணர்வும் வரலாற்றுக்குரிய பொருளே.

ஊவாவின் மலைமுகட்டில் அமைந்த மடுல்சீமை பொருளாதார வரலாற்றிலே தனியிடம் பெற்றது. இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் 1869 இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இப்பகுதியிலேயாம். கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. பயிர் மாறியபோதும் பெரட்டும் கங்காணியும் மாறவில்லை. மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலாய பகுதிகளிலிருந்து வந்த மக்கள் லயத்துக் காம்பராக்களில் வாழ்ந்தனர். அவர்களோடு கூத்தும் கதையும் வந்தன. சென்னை அச்சகங்கள் மலிவு விலையில் வெளியிட்ட 'பெரிய எழுத்து' நூல்களும் வந்தன.

அந்நூல்களுள் அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை என்பன தொடர்புடைய ஒரு வரிசையாகும். இவற்றைப் புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குவது மரபு; நளவெண்பா பாடிய புலவர் இவற்றை இயற்றினார் என்பதை ஆய்வாளர் ஏற்பதில்லை. வியாச பாரதத்தில் அல்லி என்பாள் இல்லை. அவள் மக்கள் மரபு படைத்துக்கொண்ட மதுரையின் அரசி. ஆடவர்க்கு அடங்காது ஆளும் அவளது மாளிகைக்குள் கண்ணனின் மாயத்தால் அருச்சுனன் பாம்புருக் கொண்டு புகுகின்றான். அவள் உறங்கும்போது தாலி கட்டுகின்றான். இங்கு அற்புதங்கள் காட்டிலன்றி நகரிலேயே நிகழ்கின்றன. சிக்காகோவையும் இலண்டனையும் களமாகக் கொண்டு இன்று மேலைநாடுகளில் தொடராக வெளிவரும் மாயப் புனைகதைகளுக்கும் இவ்வரிசைக்கும் காலத்தாலும் நோக்காலும் வேறுபாடு பெரிது. ஆயினும் அறிந்த நகரில் அறியாத மாயம் நிகழும் இன்பம் இரண்டிற்கும் பொதுவானது.

இவ்வரிசையின் இரண்டாம் நூலே பவளக்கொடி மாலை. அல்லியின் மைந்தன் புலந்திரன் பவளத்தேர் கேட்டு அழுகின்றான். பவளம் தேடிச் சென்ற தந்தை, பவளக்கொடியைக் கண்டு மணக்கின்றான். செய்தியறிந்த அல்லி சினங்கொள்கின்றாள். முதல் நூலில் அல்லி யார், அவளை வெல்ல இயலுமா என்ற வியப்பே கதையை நடத்துகின்றது. இரண்டாம் நூலில் அவ்வியப்புக்கு இடமில்லை. அருச்சுனனின் இயல்பும் கண்ணனின் சூழ்ச்சியும் கேட்போருக்கு முன்னரே தெரியும். பவளம் தேடிப் புறப்படும்போதே அவன் என் செய்வான் என்பதை அவர்கள் உய்த்துணர்வர். அல்லி அறியுமுன் அவளுக்காக வருந்துவர். முதல் நூல் கேட்போரை வியக்க வைக்கின்றது. இரண்டாம் நூல் அவர்களைத் தீர்ப்புக் கூற வைக்கின்றது. இதுவே இரண்டாம் நூலுக்கேயுரிய சுவை.

தோட்டங்களில் இச்சுவைக்குத் தக்க பின்னணி இருந்தது. காமன் கூத்து, பொன்னர் சங்கர் ஆகியவற்றுடன் அருச்சுனன் தபசும் மலையகத்தின் முதன்மையான கூத்துகளுள் ஒன்று. தவக்கம்பத்தில் ஏறும் அருச்சுனனைக் கண்டவர்க்கு, நூலில் வரும் அருச்சுனன் புதியவன் அல்லன். எழுத்தறிந்த ஒருவர் இராகமிட்டு வாசிக்க, இஸ்தோப்பில் அமர்ந்தோர் கேட்பது வழக்கம். அங்கு வாசிப்பு என்பது ஒருவரின் தனிமைச் செயலன்று. பலரின் நினைவு ஒன்றுகூடும் செயலாகும். பகலெல்லாம் கொழுந்து பறித்துப் பேர் விழுமோ எனக் கணக்கப்பிள்ளையின் முகம் நோக்கிய பெண், இரவிலே ஓர் அரசிக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தன் அறிவால் எடைபோட்டாள். பகலில் அவளது கருத்தைக் கேட்பார் இலர். கதை அதனைக் கேட்டது.

சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகமும், 1934 இல் தியாகராஜ பாகவதர் நடித்து வெளிவந்த திரைப்படமும் பவளக்கொடியைப் பிற மேடைகளுக்குக் கொண்டு சென்றன. திரையும் வானொலியும் பரவப் பரவப் பெரிய எழுத்து நூல்கள் வழக்கொழிந்தன. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. குடும்பங்கள் பிரிந்தன; கதை கேட்ட கூட்டங்களும் கலைந்தன.

இந்நூல்கள் மூடநம்பிக்கையை வளர்த்து உழைப்பாளரை மயக்கின என்று கூறுவாருமுளர். மயக்கம் ஓரளவு உண்மையே. அல்லியின் தன்னாட்சியைக் கதையே முறிக்கின்றது என்பதும் மறுக்கத்தக்கதன்று. எனினும் தொடர்கதையைக் கேட்பதற்கு நினைவும் ஒப்பீடும் நீதியுணர்வும் வேண்டும். குடியுரிமை மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டம் இவற்றைப் பள்ளிக்கூடத்திலன்றிக் கதையிலே பயின்றது. எழுதியோரின் பெயர்களோடு நின்றுவிடும் இலக்கிய வரலாறு அம்மக்களுக்கு இரண்டாம் முறையும் உரிமை மறுப்பதாகும்.