மிதிவண்டி பழுதுபார்ப்புத் தாங்கி

மிதிவண்டி பழுதுபார்ப்புத் தாங்கி என்பது, பழுதுபார்த்தல், துப்புரவு செய்தல், சீரமைத்தல் போன்ற வேலைகளின்போது மிதிவண்டி ஒன்றைத் தரையிலிருந்து உயர்த்தி, அசையாது பிடித்து வைத்திருக்கும் ஒரு கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ரிப்பேர் ஸ்டாண்டு எனப்படுகின்றது. மிதிவண்டியை நிறுத்தி வைப்பதற்காக அதனுடனேயே இணைக்கப்பட்டிருக்கும் நிறுத்துகாலிலிருந்து இது வேறுபட்டது. தொடக்கத்தில் மிதிவண்டிக் கடைகளிலேயே பெரும்பாலும் காணப்பட்ட இக்கருவி, மடக்கக்கூடிய வடிவங்கள் வந்த பின்னர் வீடுகளிலும் பயன்படலாயிற்று.

இத்தகைய தாங்கியின் உறுதி என்பது இரண்டு பண்புகளைக் கொண்டது. மிதிவண்டியின் எடையும் பழுதுபார்ப்பவர் கொடுக்கும் விசையும் சேர்ந்து தாக்கும்போது தாங்கி சாயாதிருத்தல் ஒன்று. இறுகப் பிடிக்கும்போது மிதிவண்டியின் சட்டகத்துக்குச் சேதம் விளைவிக்காதிருத்தல் மற்றொன்று. முதலாவது பண்பை மட்டும் பார்த்து வாங்கப்படும் தாங்கி, விலையுயர்ந்த சட்டகம் ஒன்றை நசுக்கிவிடக்கூடும்.

தேவை

மிதிவண்டியின் பல குறைகள், அதன் உறுப்புகள் இயங்கும்போது மட்டுமே தெரிவன. சக்கரத்தின் கோணல், பிரேக் கட்டை விளிம்பில் உரசுதல், சங்கிலி ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமை என்பவை இவற்றுட் சில. இவற்றைச் சரிசெய்வதற்கு ஒரு கையால் மிதிகட்டையைச் சுற்றிக்கொண்டே மறு கையால் திருகுகளைத் திருப்ப வேண்டியுள்ளது. சக்கரங்கள் தரையைத் தொடாமலும், மிதிவண்டி நிமிர்ந்த நிலையிலும் இருந்தாலன்றி இதனைச் செய்வது கடினம்.

தாங்கி இல்லாதவிடத்து மிதிவண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருக்கையின் மீதும் கைப்பிடியின் மீதும் நிறுத்துவது பரவலான வழக்கம். கியர் இல்லாத மிதிவண்டியில் சக்கரத்தைக் கழற்றி ஒட்டுப்போடுவதற்கு இதுவே போதுமானது. ஆனால் கியர் உள்ள மிதிவண்டியில், கியரை மாற்றும் நெம்புகோல்கள் கைப்பிடியுடன் சேர்ந்து தரையோடு தரையாக ஆகிவிடுவதால் சீரமைப்பு இயலாததாகிறது. நீர்ம அழுத்த பிரேக் உள்ள மிதிவண்டிகளைக் கவிழ்க்கும்போது, நெம்புகோலை ஒட்டிய எண்ணெய்க் கலத்தில் சிறிதளவு காற்று இருந்தால், அது எண்ணெய்க் குழாய்க்குள் புகுந்து பிரேக்கின் பிடிப்பைத் தளர்த்திவிடக்கூடும்.

தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் உயரமான எஃகு மிதிவண்டிகளில், பின்சக்கரத்தை முழுவதுமாகத் தூக்கி நிறுத்தும் இரட்டைக்கால் நிறுத்துகால் உண்டு. ஒற்றைப் பற்சக்கரம் கொண்ட அவ்வண்டிகளின் சங்கிலியையும் பின்பிரேக்கையும் சரிபார்க்க அதுவே சிறு தாங்கியாகப் பயன்படுகின்றது. பல கியர்களைக் கொண்ட இன்றைய மிதிவண்டிகளில் இரட்டைக்கால் இருப்பது அரிது. ஒற்றைப் பக்க நிறுத்துகால் பின்சக்கரத்தைத் தூக்காது. இதனால் இவற்றுக்குத் தனியான தாங்கியின் தேவை கூடுதலாக உள்ளது.

வரலாறு

1885 இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி அறிமுகப்படுத்திய ரோவர் மிதிவண்டி, சம அளவினை அண்மித்த இரு சக்கரங்களையும் பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியையும் கொண்டிருந்தது. இதைத் தொடர்ந்து சாய்சதுர வடிவச் சட்டகம் பரவலாகி, இருக்கையைத் தாங்கும் உருண்டையான தண்டு ஏறத்தாழ எல்லா மிதிவண்டிகளுக்கும் பொதுவானதாயிற்று. ஒரே தாங்கி பல வகை மிதிவண்டிகளையும் பிடிக்க முடிவது இப்பொதுமையினாலேயே ஆகும்.

20 ஆம் நூற்றாண்டில் சங்கிலியைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் தள்ளும் கியர் மாற்றிகள் பெருகின. 1937 இல் டூர் டி பிரான்ஸ் போட்டியில் இவற்றுக்கு அனுமதி வழங்கப்பட்டது. நுண்ணிய சீரமைப்பை வேண்டுவனவாகிய இவ்வமைப்புகள், சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்க்கும் தேவையை அதிகரித்தன.

ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள செயின்ட் பால் நகரில் கடை நடத்திவந்த ஹோவர்ட் ஹாக்கின்ஸ், ஆர்ட் எங்ஸ்ட்ரோம் ஆகிய இருவரும் 1963 இல் தமது கடையின் தேவைக்காகத் தாங்கி ஒன்றை உருவாக்கினர். குனிந்தும் மண்டியிட்டும் வேலை செய்வதைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். இம்முயற்சியிலிருந்து வளர்ந்த பார்க் டூல் நிறுவனம், மிதிவண்டிக் கருவிகளின் முன்னணித் தயாரிப்பாளர்களுள் ஒன்றாகும்.

உறுப்புகள்

பொதுவான பழுதுபார்ப்புத் தாங்கி ஒன்றில் பின்வரும் உறுப்புகள் அமைந்திருக்கும்.

* அடித்தளம்: விரியும் கால்களாகவோ கனமான எஃகுத் தகடாகவோ இருக்கும்.
* நிலைத்தூண்: ஒன்றினுள் ஒன்று செல்லும் இரு குழாய்களால் ஆனது. இதனால் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகின்றது.
* கை: தூணின் உச்சியிலிருந்து கிடையாக நீள்வது.
* கவ்வி: கையின் முனையில் உள்ள இரு தாடைகள். இவற்றின் உட்புறம் ரப்பர் அல்லது மென்மையான நெகிழியால் மூடப்பட்டிருக்கும்.
* சுழற்சிப் பூட்டு: கவ்வியை வேண்டிய கோணத்துக்குத் திருப்பி, அங்கேயே நிறுத்தி வைப்பது.

வகைகள்

கவ்வித் தாங்கி

மிகப் பரவலாகப் பயன்படும் வகை இதுவாகும். இருக்கைத் தண்டைக் கவ்வியால் பிடிப்பதனால் இரு சக்கரங்களும் தரையிலிருந்து விடுபடுகின்றன. கடைகளில் உள்ளவை பல பத்துக் கிலோகிராம் எடையுள்ள தகட்டின் மீது நிற்பன. வீட்டுப் பயன்பாட்டுக்கு உரியவை இரு கால்கள் அல்லது மூன்று கால்களைக் கொண்டு மடங்குவன.

அச்சுத் தாங்கி

இவ்வகையில் மிதிவண்டியின் முன்சக்கரமோ பின்சக்கரமோ கழற்றப்பட்டு, சக்கர அச்சு பொருந்தும் இடத்தில் சட்டகம் தாங்கியுடன் பூட்டப்படுகின்றது. கிராங்க் அச்சு செல்லும் கூட்டின் அடிப்பகுதி ஒரு மெத்தையின் மீது அமர்கின்றது. சட்டகத்தின் எந்தக் குழாயும் நெரிக்கப்படுவதில்லை. பந்தயக் குழுக்களின் பணியாளர்கள் இதனை விரும்பிப் பயன்படுத்துகின்றனர். கழற்றிய சக்கரத்தின் பிரேக்கை அதே நிலையில் சோதிக்க இயலாமை இதன் குறைபாடு ஆகும்.

சுவர்த் தாங்கியும் மேசைத் தாங்கியும்

கை, கவ்வி ஆகியவை மட்டும் சுவரிலோ வேலை மேசையிலோ திருகாணிகளால் பொருத்தப்படுகின்றன. சுவர் வலுவானதாக இருப்பின், இவற்றின் உறுதி மடக்குத் தாங்கிகளைவிட மேலானது. இடமும் மிச்சமாகும். ஆயினும், மிதிவண்டியின் மறுபக்கத்துக்குச் சென்று வேலை செய்வது கடினம்.

பின்சக்கரத் தாங்கி

பின்சக்கர அச்சையோ அதனை ஒட்டிய குழாய்களையோ பிடித்துப் பின்சக்கரத்தை மட்டும் சற்று உயர்த்தும் எளிய, மலிவான வகை. சங்கிலிக்கு எண்ணெய் இடுதல், கியர் சீரமைத்தல் ஆகியவற்றுக்குப் போதுமானது. முன்சக்கரம் தரையிலேயே இருக்கும். குனிந்தோ உட்கார்ந்தோதான் வேலை செய்ய வேண்டும்.

உறுதியின் இயற்பியல்

மிதிவண்டி, தாங்கி ஆகிய இரண்டுக்கும் பொதுவான புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையப்படும் செங்குத்துக் கோடு, தாங்கியின் கால்நுனிகளை இணைக்கும் பரப்பினுள் விழும்வரை தாங்கி சாயாது. எனவே கால்களின் விரிவே உறுதிக்கு அடிப்படை. தாங்கியின் எடை இரண்டாவதாகத் துணைசெய்கின்றது. கை தூணிலிருந்து முன்னோக்கி நீள்வதால் மிதிவண்டியின் எடை தூணுக்கு நேர்மேலே அமைவதில்லை. கவ்வி நீண்டிருக்கும் பக்கத்தில் மிதிவண்டிக்கு அடியில் கால் செல்லாவிடின், விரிந்த கால்களைக் கொண்ட தாங்கியும் சாயக்கூடும்.

கவ்வியின் மீதும் ஒரு முறுக்குவிசை தாக்குகின்றது. மிதிவண்டியின் புவியீர்ப்பு மையம் இருக்கைத் தண்டுக்குச் சற்று முன்னால் இருப்பதால், முன்சக்கரம் கீழே தாழ முயல்கின்றது. எடுத்துக்காட்டாக, 12 கிலோகிராம் எடையுள்ள மிதிவண்டி ஒன்றின் புவியீர்ப்பு மையம் கவ்வியிலிருந்து கிடையாக 25 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பின், கவ்வியின் மீது சுமார் 29 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தாக்கும். அதே தொலைவில் 25 கிலோகிராம் எடையுள்ள மின்மிதிவண்டியின் மையம் இருந்தால் இது சுமார் 61 நியூட்டன் மீட்டர் ஆகும். மலிவான தாங்கிகளில் சுழற்சிப் பூட்டு வழுக்கி, முன்சக்கரம் மெல்லக் கீழிறங்குவதன் காரணம் இதுவே.

பழுதுபார்ப்பவர் கொடுக்கும் விசை மூன்றாவது காரணி. மிதிகட்டையைக் கிராங்கில் இறுக்குவதற்குப் பொதுவாக 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரையான முறுக்குவிசை தேவைப்படுகின்றது. 20 சென்டிமீட்டர் நீளமுள்ள திறப்பானால் 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க, அதன் முனையில் 200 நியூட்டன் விசை, அதாவது சுமார் 20 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை, கொடுக்கப்பட வேண்டும். சில கிலோகிராம் மட்டுமே எடையுள்ள மடக்குத் தாங்கி இவ்விசைக்கு ஆடுவது இயல்பு. ஆதலால் இத்தகைய வேலைகளைச் சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்கும்போதே செய்து முடிப்பது நன்று.

சட்டகத்தின் பாதுகாப்பு

மிதிவண்டிச் சட்டகத்தின் குழாய்கள், ஓட்டும்போது நீளவாக்கிலும் முறுக்காகவும் வரும் விசைகளைத் தாங்குமாறு அமைக்கப்பட்டவை. பக்கவாட்டிலிருந்து நசுக்கும் விசைக்காக அவை வடிவமைக்கப்படவில்லை. எஃகுக் குழாய்கள் இதனை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மெல்லிய அலுமினியக் குழாய் நெளியலாம். கார்பன் இழையாலான குழாயில் வெளியே தெரியாத விரிசல் உண்டாகலாம்; அது பின்னர் ஓட்டும்போது முறிவுக்கு இட்டுச் செல்லக்கூடியது. எனவே மேற்குழாயைக் கவ்வுதல் தவிர்க்கப்பட வேண்டும். கவ்வுவதற்கு உரிய இடம் இருக்கைத் தண்டே ஆகும். அதன் விட்டம் பெரும்பாலும் 27.2, 30.9 அல்லது 31.6 மில்லிமீட்டராக இருக்கும்.

சில மிதிவண்டிகளுக்குத் தனிக் கவனம் தேவை.

* கார்பன் தண்டு: மிதமாக மட்டும் இறுக்க வேண்டும். அதே விட்டமுள்ள பழைய அலுமினியத் தண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்திக் கவ்வுவது பாதுகாப்பானது.
* உயரம் மாறும் தண்டு: மேலும் கீழும் நகரும் வழுவழுப்பான உட்குழாயைக் கவ்வினால் அதன் பரப்பில் கீறல் விழுந்து எண்ணெய் கசியலாம். தண்டைச் சட்டகத்திலிருந்து சற்று வெளியே இழுத்து, அதன் வெளிக்குழாயைக் கவ்வ வேண்டும்.
* காற்றுத் தடையைக் குறைக்கத் தட்டையாக அமைந்த தண்டு: உருண்டையான தாடைகளில் சரியாகப் பொருந்தாது. இதற்கு அச்சுத் தாங்கியே ஏற்றது.

தேர்வு செய்தல்

வீட்டுப் பயன்பாட்டுக்கான தாங்கியைத் தேர்வு செய்யும்போது கருதத்தக்கவை வருமாறு.

* தாங்கும் எடை: பந்தய மிதிவண்டிகள் பொதுவாக 7 முதல் 10 கிலோகிராம், மலைமிதிவண்டிகள் 12 முதல் 16 கிலோகிராம், பழைய பாணி எஃகு மிதிவண்டிகள் சுமார் 20 கிலோகிராம், மின்மிதிவண்டிகள் 20 முதல் 30 கிலோகிராம் எடை உள்ளவை. வீட்டிலுள்ள மிக எடை கூடிய வண்டியைவிடக் கணிசமான அளவு கூடுதலாகத் தாங்கும் கருவியே பொருத்தமானது.
* கவ்வியின் இயக்கம்: திருகினால் மெதுவாக இறுகும் கவ்வியில் அழுத்தத்தைக் கையால் உணர்ந்து கட்டுப்படுத்தலாம். நெம்புகோலால் சட்டென மூடும் கவ்வி விரைவானது. ஆனால் முன்கூட்டியே அளவைச் சரிசெய்யாவிடின் தேவைக்கு மேல் நெரித்துவிடும்.
* உயரம்: கிராங்க் ஏறத்தாழ முழங்கை மட்டத்துக்கு வந்தால் முதுகு வளையாது வேலை செய்யலாம்.
* மூட்டுக்கள்: மிதிவண்டியை ஏற்றுவதற்கு முன், கவ்வியின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கும்போது தூணின் இணைப்பில் ஆட்டம் தெரிந்தால், எடை ஏறியபின் அது மிகும். நெகிழியாலான பூட்டுக்களைவிட உலோகப் பூட்டுக்கள் நீடித்து உழைப்பவை.
* தரை: சமமற்ற தரையில் மூன்று கால்கள் தள்ளாடாது நிற்கும். சமமான சிமெண்டுத் தரையில் இரு கால் தாங்கியும் நன்கு பொருந்தும்.
* உதிரிப்பாகங்கள்: தாடைகளின் ரப்பர் உறைகள் முதலில் தேய்வன. இவை தனியாகக் கிடைப்பது தாங்கியின் ஆயுளை நீட்டிக்கும்.

ஒட்டுப்போடுதல், காற்றடித்தல் போன்ற வேலைகளை மட்டும் செய்பவருக்குக் கவ்வித் தாங்கி இன்றியமையாதது அன்று. பின்சக்கரத் தாங்கியே போதுமானது.

வீட்டிலேயே செய்யப்படும் தாங்கிகளும் உண்டு. உத்தரத்தில் இரு கயிறுகளைக் கட்டி, ஒன்றை இருக்கையின் மூக்கிலும் மற்றதைக் கைப்பிடியிலும் மாட்டித் தொங்கவிடுதல் மிக எளிய முறை. இது சட்டகத்தை நெரிப்பதில்லை. ஆனால் வண்டி ஊசலாடும். பழைய வாகன டயரின் நடுவே குழாயை நிறுத்திச் சிமெண்டுக் கலவை ஊற்றினால் கனமான அடித்தளம் கிடைக்கும்.

பயன்படுத்தும் முறை

1. கால்கள் முழுவதும் விரிக்கப்பட்டு எல்லாப் பூட்டுக்களும் இறுக்கப்படுகின்றன.
2. இருக்கைத் தண்டு, தாடைகள் ஆகியவற்றிலுள்ள மணலும் எண்ணெயும் துடைக்கப்படுகின்றன. மணல் கீறலையும் எண்ணெய் வழுக்கலையும் உண்டாக்கும்.
3. தண்டு மிகவும் தாழ்ந்திருப்பின், அதன் பழைய உயரம் நாடாவால் அடையாளமிடப்பட்டு, தேவையான அளவு உயர்த்தப்படுகின்றது. தண்டில் குறிக்கப்பட்டுள்ள எல்லைக் கோடு சட்டகத்துக்கு வெளியே வரலாகாது.
4. மின்மிதிவண்டியாயின் மின்கலம் கழற்றப்படுகின்றது.
5. ஒரு கையால் வண்டியைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் கவ்வி இறுக்கப்படுகின்றது. கம்பிவடங்கள் தாடைகளுக்கு இடையே சிக்காதிருத்தல் வேண்டும்.
6. கையை எடுப்பதற்கு முன், வண்டியை மெல்ல அசைத்துப் பிடிப்பு சோதிக்கப்படுகின்றது.

ஒரு சக்கரத்தைக் கழற்றும்போது புவியீர்ப்பு மையம் இடம் மாறுவதால், முன்னரே சமநிலையில் இருந்த வண்டியும் சட்டெனத் திரும்பக்கூடும். ஆகவே சக்கரத்தைக் கழற்றும்போது ஒரு கையால் சட்டகத்தைப் பிடித்திருப்பது நலம். சுழலும் சங்கிலிக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே விரல் சிக்கும் ஆபத்து இருப்பதால், சிறுவர்கள் அருகில் இருக்கும்போது கூடுதல் கவனம் தேவை.

இவற்றையும் பார்க்கவும்

* மிதிவண்டி
* மின்மிதிவண்டி
* முறுக்குவிசை
* புவியீர்ப்பு மையம்