கிரிவலச் சுற்றுலா: பொறுப்பான நடைமுறைகள்

திருவண்ணாமலைக்குப் பயணிகளை அழைத்து வருவோரும், அவர்களுக்கு வண்டி, விடுதி, உணவு தருவோரும் சூழலுக்கும் ஊர்மக்களுக்கும் ஊறு நேராதபடி கடைப்பிடிக்க வேண்டியவை இவை. இங்குள்ள மலையைச் சுற்றிச் செல்லும், ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப்பாதையில் பௌர்ணமி, கார்த்திகைத் தீப நாட்களில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர்.

போக்குவரத்து: திண்டிவனம், செஞ்சி வழியாக வரும் வண்டிகள் கீழ்பென்னாத்தூரைக் கடந்து நகரை அடைகின்றன. தீபத்தின்போது நகரின் விளிம்பில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமையும். சுற்றுலா வண்டிகளும் நகருக்கு வெளியே நிற்பதே முறை. பயணிகள் விடிய விடிய நடக்கையில் ஓட்டுநர் உறங்க இடம் தருவது ஏற்பாட்டாளர் பொறுப்பு; திரும்பும் பயணத்தின் பாதுகாப்பு அதைப் பொறுத்தது.

உணவு, கழிவு: ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு, வண்டியிலேயே குடிநீர்க் கேன் ஆகியவை மாற்று. தீபத் திருவிழாவில் அன்னதானம் வழங்க முன் அனுமதி வேண்டும்.

மலை: 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரக் குடியிருப்பில் மண் சரிந்து 7 பேர் இறந்தனர். அவ்வாண்டு தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. எனவே மலையேற்றத்தைப் பயணத் திட்டத்தில் சேர்த்து விற்பது தவறு.

மக்கள்: சாதுக்களைக் கேட்காமல் படமெடுக்கக் கூடாது; உள்ளூர்க் கடைக்காரர்களுக்கு நியாயமான விலையும் ஆட்டோக்காரர்களுக்கு நியாயமான கூலியும் சேர வேண்டும்.