வீட்டில் மாற்றுத்திறனாளி இருந்தால் சொத்து வரி குறையுமா?

இருந்தால் மட்டும் போதாது. வீடு யார் பேரில் இருக்கு என்பதுதான் முக்கியம். சொத்து வரி உள்ளாட்சி அமைப்புகளின் கையில் இருப்பதால், சலுகையும் ஊருக்கு ஊர் மாறும். உதாரணமாக டெல்லி மாநகராட்சியில், மாற்றுத்திறனாளி ஒருவர் தன் பேரில் வைத்து, தானே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு 200 சதுர மீட்டர் வரை 30% தள்ளுபடி உண்டு. அதே வீடு அப்பா பேரில் இருந்தால்? மாற்றுத்திறனாளி மகன் அங்கேயே வசித்தாலும், அவருக்காகத் தள்ளுபடி கிடையாது.

ஆனால் அப்பாவுக்கு வருமான வரியில் ஒரு வழி இருக்கு. தன்னைச் சார்ந்த மகனின் சிகிச்சை, பயிற்சி, பராமரிப்புக்குச் செலவு செய்தால், குறைபாடு 40% முதல் ரூ.75,000, 80% முதல் ரூ.1,25,000 வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருக்கவும் வேண்டும்.