பாதி மாத்திரை

கள்ளக்குறிச்சி மருந்துக் கடையில் ஒரு நாள் நின்றிருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஓர் அம்மா, வீங்கிய விரல்களால் சுருக்குப்பையை அவிழ்க்கவே சிரமப்பட்டார். சீட்டை நீட்டி, "பாதி மாத்திரை குடு தம்பி, மீதி அடுத்த மாசம்" என்றார். முடக்குவாதம் பாதியோடு நிற்குமாய்யா?

மருந்து விலை தலைவிதி என்கிறது எதிரணி. இல்லீங்க, அது சட்டம் எழுதுகிற விதி! 1970-ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்றது. நம்மவர்கள் வேறு வழியில் அதே மருந்தைச் செய்தார்கள், விலை இறங்கியது. 1994-ல் பிறந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பியது. 2005-ல் மருந்துக்கே காப்புரிமை திரும்பி வந்தது. ஆனாலும் அடாலிமுமாப் என்ற மூட்டுவாத ஊசியை 2014-ல் இந்திய நிறுவனம் ஒன்று அமெரிக்க விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தது. அதுவும் அந்தச் சுருக்குப்பைக்கு எட்டாதே!

அன்றைக்கு மீதி மாத்திரையை நான் வாங்கிக் கொடுத்தேன். அது ஒரு நாள் தர்மம். மாசாமாசம் அந்த அம்மாவுக்குக் கிடைத்தால்தான் அது உரிமை!