நெய்யாற்றின்கரை ஆடுகள்



நெய்யாற்றின்கரை என்னும் ஊர்ப்பெயரிலேயே நெய் இருக்கிறது. அகத்தியமலையில் தோன்றிப் பூவாற்றின் அருகே அரபிக்கடலில் கலக்கும் நெய்யாறு அப்பெயரை எவ்வாறு பெற்றது என்பதற்குக் கதைகள் பல உண்டு. அவற்றை ஆராய்வது இன்று நம் நோக்கமன்று. அந்த ஆற்றுக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட பாறசாலை முதலிய எல்லைக் கிராமங்களில், ஏழை வீட்டுக்குப் பாலும் ஊனும் தந்துவந்த ஆட்டைப் பற்றியே பேச விரும்புகிறேன். பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள உங்களில் பலருக்கு, கடையில் 'மட்டன்' என்று கேட்டு வாங்குவது எந்த ஆட்டின் இறைச்சி என்ற ஐயம் எப்போதேனும் எழுந்திருக்கும். அதற்கு விடை காணவும் இவ்வூர்களின் வரலாறு உதவும்.

தமிழர் ஆட்டுப்பாலை அளந்து மதிப்பிட்டதற்குப் பழைய சான்று கோயிற் கல்வெட்டுகளே. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் காலத்தில் ஒரு திருவிளக்கு நாள்தோறும் எரிவதற்கு ஓர் உழக்கு நெய் வேண்டியிருந்தது. அந்த நெய்க்காக 96 ஆடுகளோ, 48 பசுக்களோ, 16 எருமைகளோ இடையர் வசம் ஒப்படைக்கப்பட்டன. இவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். செத்தவற்றுக்கும் மூத்தவற்றுக்கும் ஈடாகக் குட்டிகள் வளர்ந்து நிற்பதால் மந்தையின் தொகை என்றும் குறையாது என்பது கருத்து. கல்வெட்டுகளைப் பதிப்பித்தவர்கள் இவற்றைப் பெண் செம்மறிகள் என்றே பொருள் கொண்டனர்.

இந்தக் கணக்கைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். இரண்டு ஆடு ஒரு பசுவுக்குச் சமம். ஆறு ஆடு ஓர் எருமைக்குச் சமம். கலப்பினப் பசுவின் கறவையைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். அக்காலத்து நாட்டுப்பசு கறந்தது சொற்பமே என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் பாலின் தன்மையிலேயே உள்ளது. பசும்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 சதவிகிதம். செம்மறிப்பாலிலோ 6 முதல் 7 சதவிகிதம். பாலின் அளவைக் கொண்டு பார்த்தால் செம்மறி எளிய பிராணி. நெய்யின் அளவைக் கொண்டு பார்த்தால் அவ்வளவு எளியதன்று. வேதியியல் கூடம் ஏதுமின்றி அகல்விளக்கை வைத்தே நம் முன்னோர் பாலின் தரத்தைக் கண்டிருக்கிறார்கள்.

ஆயினும் அந்தச் செம்மறி தெற்கே வந்து ஆரல்வாய்மொழிக் கணவாயோடு நின்றுவிட்டது எனலாம். கணவாய்க்குக் கிழக்கே வறண்ட கரிசல் நிலம். வேம்பூர்ச் செம்மறியும் கீழக்கரிசல் செம்மறியும், கன்னி ஆடு, கொடி ஆடு எனும் வெள்ளாட்டினங்களும் அங்கே செழிக்கின்றன. எட்டயபுரத்து ஆட்டுச் சந்தையை அறியாதவர் அப்பகுதியில் இரார். கணவாயைத் தாண்டி மேற்கே வந்தால் இரு பருவ மழையும் பெய்யும் ஈரநிலம். ஓயாத ஈரத்தில் செம்மறியின் குளம்பு அழுகும், குடற்புழுக்கள் பெருகும். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் கேரளம் முழுவதிலும் செம்மறிகள் ஏறத்தாழ 1500 மட்டுமே இருந்தன. வெள்ளாடுகளோ 13 இலட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டிலோ 45 இலட்சம் செம்மறிகள் இருந்தன.

மழை வகுத்த எல்லை இது. அரசியல் வகுத்த எல்லை வேறிடத்தில் விழுந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய ஒன்பது தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. ஆனால் 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை இராஜ்யத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை ஒரு மாநிலமாகவும் அடுத்துள்ள பாறசாலை வேறொரு மாநிலமாகவும் ஆயின. மொழி, உறவு, வாணிகம் யாவும் அக்கோட்டைத் தாண்டியே நடந்தன. இரு புறத்திலும் தொழுவில் நின்றது ஒரே வெள்ளாடு. அது தின்றதும் ஒரே பலா இலை.

இங்கு வெள்ளாட்டின் அருமை விளங்க வேண்டுமானால் மரச்சீனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் மரவள்ளிக் கிழங்கு என்பது இதுவே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மா இப்பயிரைப் பெரிதும் பரப்பினார். நல்ல நெல்வயல் இல்லாத மேட்டுநிலத்துக் குடிகளுக்கு அது உண்மையிலேயே உயிர்காத்த கிழங்கு. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, அந்தக் கிழங்கே பலருக்கு வேளைதோறும் உணவாயிற்று. வயிறு நிறையும், உடல் நிறையாது. 100 கிராம் மரச்சீனியில் புரதம் முக்கால் கிராம்கூட இல்லை. கடற்கரையை ஒட்டிய ஊரார் சாளைமீன் கூட்டி இக்குறையை ஈடு செய்தனர். ஆனி, ஆடியில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறிக் கிடக்கையில் அதுவும் அரிதாகும். அந்நாட்களில் வளரும் பிள்ளைக்கு வீட்டில் இருந்த சத்துள்ள பொருள், தொழுவில் கட்டிய ஆட்டின் ஒரு குவளைப் பாலே.

அந்தப் பாலின் தரம் என்ன? ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் உணவுகளை ஆராய்ந்து அட்டவணைகள் வெளியிட்டுள்ளது. இந்நிறுவனம் நீலகிரிக் குன்னூரில் தோன்றி, 1958-இல் அங்கே இடம்பெயர்ந்தது. அதன் கணக்குப்படி 100 கிராம் வெள்ளாட்டுப்பாலில் புரதம் 3.3 கிராம், கொழுப்பு 4.5 கிராம், சுண்ணாம்புச்சத்து 170 மில்லிகிராம். பசும்பாலில் இவை முறையே 3.2, 4.1, 120. ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் சிறியவை. ஆகவே எளிதில் செரிக்கும் என்பர். காந்தியடிகள் நோயுற்றிருந்து, 1919 முதல் அருந்தத் தொடங்கியது இந்தப் பாலையே. நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த வெங்ஙானூரில் 1937 ஜனவரியில் அவர் அய்யன்காளியைச் சந்தித்தபோதும் ஆட்டுப்பால் அருந்தும் வழக்கமுடையவராகவே இருந்தார்.

ஆனால் எல்லாப் புகழையும் அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. வெள்ளாட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு. தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கைக்குழந்தைக்கு இதையே முழு உணவாகக் கொடுத்தால் இரத்தசோகை உண்டாகும். ஐரோப்பிய மருத்துவர் இதற்கு 'ஆட்டுப்பால் சோகை' என்றே பெயரிட்டிருந்தனர். ஓராண்டு நிறையாத குழந்தைக்கு இதைத் தாய்ப்பாலாகக் கருதலாகாது. மற்றொன்று: மால்டாத் தீவில் ஆங்கிலேயச் சிப்பாய்களை வாட்டிய விடாக்காய்ச்சலின் கிருமியை 1887-இல் டேவிட் புரூஸ் கண்டார். அது ஆட்டின் பாலில் வருகிறது என்பதை 1905-இல் அவ்வூர் மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மிட் காட்டினார். பாளையத்தில் ஆட்டுப்பாலை நிறுத்தியதும் சிப்பாய்களிடையே நோய் தணிந்தது. பச்சைப் பாலே மருந்து என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. நன்கு காய்ச்சிய பாலே குடிக்கத் தக்கது.

இனி இறைச்சி. கொழுப்பு நீக்கிய வெள்ளாட்டிறைச்சி 100 கிராமில் புரதம் 21.4 கிராம், கொழுப்பு 3.6 கிராம், செம்மறி இறைச்சியில் புரதம் 18.5, கொழுப்பு 13.3. வெள்ளாடு தன் கொழுப்பைக் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றிச் சேர்க்கிறது. செம்மறி தோலுக்கடியிலும் தசையிலும் சேர்க்கிறது. ஆதலால் வெள்ளாட்டுக் கறி மெலிந்தது, விரைவில் வறண்டுவிடும்; சிறுதீயில் நீண்ட நேரம் வேக வேண்டும். செம்மறிக் கறி மெத்தென்று வேகும், நெய்ப்பசை மிகுதி. இரண்டில் எது சிறந்தது என்பது உண்பவரின் உடலைப் பொறுத்தது. கிழங்கை உண்டு உழைத்த மெலிந்த உடலுக்குக் கொழுப்பும் தேவைதான். நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் நகரத்தார்க்கு வெள்ளாடே நன்று. கிடாயை இளமையில் காயடித்து வளர்த்தால் கவிச்சையும் குறையும்.

நீங்கள் வாழும் ஊரைப் பொறுத்தும் 'மட்டன்' என்ற சொல்லின் பொருள் மாறும். வடநாட்டுப் பெருநகரங்களில் அது பெரும்பாலும் வெள்ளாடு. செம்மறி மிகுந்த தெலங்கானாவிலோ செம்மறியாக இருக்கக்கூடும். தொங்கும் உடலில் வாலை விட்டுவைத்திருந்தால் பாருங்கள்: குட்டையாய் மேல்நோக்கி நிமிர்ந்தது வெள்ளாடு. ஈரலை ஒதுக்கிவிடாதீர்கள்; அதில் இரும்புச்சத்தும் வைட்டமின் ஏ-யும் தசையைவிடப் பன்மடங்கு உண்டு. சோகை பிடித்தவர்க்குச் சுவரொட்டி எனும் மண்ணீரலைக் கொடுத்த பாட்டிமார் வழக்கத்திலும் நியாயம் உண்டு. ஆட்டுக்கால் சூப்பின் புகழ் மட்டும் அதன் சத்தைக் காட்டிலும் சற்றுப் பெரிது என்பது என் கருத்து.

1970-களில் மண்ணுத்தியில் மலபாரி ஆட்டை ஆல்பைன், ஸானென் என்னும் ஐரோப்பியக் கறவை இனங்களோடு கலந்து பால்வளத்தைப் பெருக்க முயன்றனர். பாறசாலையிலும் அரசினர் ஆட்டுப்பண்ணை ஒன்று அமைந்தது. எனினும் சிறு குடும்பத்தின் ஆடு இன்றும் கொல்லையில் கிடைத்ததைத் தின்றே கறக்கிறது. கிழங்கு தோண்டியபின் எஞ்சும் மரச்சீனி இலை அவற்றுள் ஒன்று. பச்சையாகத் தின்றால் அதிலுள்ள நஞ்சு ஆட்டைக் கொன்றுவிடும். மெல்லியதாகப் பரப்பி நன்றாக வெயிலில் உலர்த்தினால் நஞ்சு பெரும்பாலும் நீங்கும். உலர்ந்த இலையில் புரதம் 20 சதவிகிதம் வரை இருக்கிறது. கிழங்கில் இல்லாத புரதம் அதன் இலையில் இருக்கிறது. அளவறிந்து இட்டால் ஆடு அதைப் பாலாக்கித் தருகிறது.